நிவாரணக் காசோலையோடு முடிவதில்லை

(பங்குனி மாத மாலை ஒன்றில், சிவகாசியில் பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த அவையில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பட்டாசு ஆலையில் விபத்து நடந்த மறுநாள் செய்தித்தாளை எடுத்துப் பாருங்கள். தலைப்பில் இறந்தவர்களின் எண்ணிக்கை இருக்கும். அதற்குக் கீழே நிவாரணத் தொகை. கடைசியில் ஒரே ஒரு வரி: காயமடைந்தவர்கள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வருகிறார்கள். அந்தக் கடைசி வரிக்குள் இருக்கிறவர்களைப் பற்றிப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன். இறந்தவருக்காக ஊர் கூடுகிறது, அமைச்சர் வருகிறார், மாலை விழுகிறது. பிழைத்தவர் ஆறு மாதம் கழித்து விரல்கள் ஒட்டிப்போன கையோடு வீடு திரும்பும்போது தெருவில் யாரும் இருப்பதில்லை. சட்டம் அவருக்காக எழுதி வைத்திருக்கிற பக்கங்கள் அதிகம். அந்தப் பக்கங்களை அவர் வீட்டு வாசலுக்கு யாரும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இந்த மாவட்டத்தில் விபத்துக்குப் பிறகு நடப்பதை நீங்கள் அறிவீர்கள். முதலமைச்சரின் பொது நிவாரண நிதியிலிருந்து ஒரு தொகை அறிவிக்கிறார்கள். பிரதமரின் நிதியிலிருந்து இன்னொரு தொகை. ஆட்சியர் அலுவலகத்தில் காசோலை கொடுத்துப் புகைப்படம் எடுக்கிறார்கள். குடும்பம், "அரசாங்கம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான்" என்று நினைத்துக்கொள்கிறது. அதே வாரத்தில் கம்பெனித் தரப்பிலிருந்து ஒருவர் முத்திரைத் தாளோடு வருகிறார். ஈமச் செலவுக்கு இவ்வளவு, மருத்துவச் செலவுக்கு இவ்வளவு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு போகிறார். இந்த இரண்டும் சேர்ந்து ஒரு வழக்கைப் பிறக்கும் முன்பே புதைத்துவிடுகின்றன.

அரசு தருகிற காசோலை அரசின் இரக்கம். அது வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் முதலாளி உங்களுக்குத் தர வேண்டிய இழப்பீட்டிலிருந்து ஒரு பைசாவைக்கூட அது கழிக்காது. முதலாளி தர வேண்டியது கடன். அந்தக் கடன் விபத்து நடந்த நாளிலேயே பிறந்துவிடுகிறது.

கடனின் கணக்குக்குப் போவதற்கு முன்னால், விபத்து எப்படிப் பிறக்கிறது என்பதைக் கொஞ்சம் பேசியாக வேண்டும். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த விஷயம்தான். மாணவர்களுக்காகச் சொல்கிறேன். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி, பச்சை நிறத்துக்கு, 2018-இல் தடை செய்யப்படும் வரை, பச்சை உப்பு எனப்படும் பேரியம் நைட்ரேட், சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம். தனித்தனியாக இருக்கும்போது இவற்றில் பல சாதுவானவை. கலந்த நிமிடத்திலிருந்து கதை வேறு. ஓர் உராய்வு போதும். தரையில் கிடக்கும் மணல் துகளின் மேல் தகரத் தட்டு இழுபட்டால் போதும். வறண்ட வெயில் காலத்தில் நைலான் சேலையில் பிறக்கும் மின்பொறி போதும். மருந்து அறைக்குள் பருத்தி உடுத்திப் போகச் சொல்வது அதனால்தான்.

இன்னொன்று, கலந்த மருந்தை மிச்சம் வைப்பது. அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும் என்பது விதி. சனிக்கிழமை மிஞ்சியதை மூடி வைத்துவிட்டுத் திங்கட்கிழமை காலையில் திறக்கிறோம். இடையில் ஈரம் ஏறியிருக்கிறது. அலுமினியமும் ஈரமும் சேர்ந்தால் உள்ளுக்குள் சூடு வளரும், வெளியே ஒன்றும் தெரியாது. காலை வேலை தொடங்கியதும் நடக்கிற விபத்துகளின் செய்திகளை வாசித்துப் பாருங்கள், இந்த மிச்ச மருந்து திரும்பத் திரும்ப வரும்.

பொட்டாசியம் குளோரேட்டைக் கந்தகத்தோடு கலப்பதை 1992-லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. அந்தக் கலவைக்குத் தீ வேண்டியதில்லை, ஓர் அடி விழுந்தாலே வெடிக்கும். விலை மலிவு என்பதற்காக இன்றும் எங்காவது ஒரு மறைவில் அது கலக்கப்படுகிறது என்றால், கலக்கச் சொன்னவர் தெரிந்தே மனித உயிரோடு விளையாடுகிறார்.

ஓர் அறைக்கு நான்கு பேர், மருந்து கலக்கும் அறைக்கு இரண்டு பேர் என்பதெல்லாம் நீங்கள் மனப்பாடமாக அறிந்தவை. நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று நாம் சொல்கிற மூன்று அடுக்கும், எவ்வளவு மருந்து வைக்கலாம், என்ன ரகம் செய்யலாம் என்பதை வரையறுப்பவை. இந்த வரையறையை உடைக்கிற பெரிய சுத்தியல் உள்குத்தகை. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருந்தது, ஷெட்டுகள் குத்தகைக்காரர்களின் கையில் இருந்தன. ஒவ்வொருவருக்கும் தன் ஷெட்டில் எத்தனை பெட்டி ஏறுகிறது என்பதுதான் கவலை. நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்தால் கூலி கூடும், குத்தகைக் காசு சீக்கிரம் திரும்பும். மரத்தடியில் உட்கார்ந்து மருந்து செலுத்தினால் இன்னும் கூடும்.

அந்த விபத்தைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் என்றும், காயமடைந்தவர்களுக்குத் தீக்காயத்தின் விழுக்காட்டைப் பொறுத்துப் படிப்படியான தொகை என்றும் உத்தரவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த இரண்டாவது பகுதி. காயத்தை அளந்து, அளவுக்கேற்ப விலை வைத்து, காயப்பட்டவர்களையும் கணக்கில் கொண்டுவந்தார்கள். அந்தத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்டுப் போக அங்கே 5 ஆண்டு அவகாசம் உண்டு.

முதலிப்பட்டி ஆலை விபத்தையும் சொல்லாமல் போக முடியாது. 2012 செப்டம்பர் 5. ஏறத்தாழ 40 உயிர்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டதும் சுற்றுப்புறத்து மக்கள் ஓடினார்கள், சிலர் காப்பாற்ற, சிலர் என்ன ஆயிற்று என்று பார்க்க. அடுத்த வெடிப்பு அவர்கள் மேல் விழுந்தது. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன்: ஆலையில் புகை எழுந்தால் 101, 108 இரண்டையும் அழையுங்கள், அந்தப் பக்கம் ஓடாதீர்கள். கைபேசியில் படம் பிடிக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். உள்ளே நம் வீட்டு ஆள் இருக்கும்போது ஓடாமல் நிற்பது எவ்வளவு கொடுமை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

இப்போது கடனின் கணக்கு.

தொழிலாளர் இழப்பீடு என்பது இந்த நாட்டில் 1923 முதல் இருக்கிற சட்டம். நூறாண்டு தனிச் சட்டமாக இருந்தது, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் ஓர் அத்தியாயமாகிவிட்டது. பிரிவு எண்கள் மாறின, அடிப்படை மாறவில்லை. அந்த அடிப்படை, முதலாளி தப்பு செய்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை என்பது. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்தது என்று காட்டினால் போதும். "அந்தப் பொம்பளைதான் தட்டை வேகமாக இழுத்தாள்" என்று போர்மேன் சொன்னாலும், அந்தப் பெண் இறந்திருந்தாலோ நிரந்தரமாக முழு ஊனம் அடைந்திருந்தாலோ அந்தப் பேச்சு செல்லாது. சிறு காயங்களில்கூட, குடித்திருந்தார், வேண்டுமென்றே பாதுகாப்பு விதியை மீறினார் என்பது போன்ற ஒன்றிரண்டு காரணங்களைத்தான் முதலாளி சொல்ல முடியும்.

கணக்கு எப்படி வருகிறது? இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்து, வயதுக்கேற்ப அட்டவணையில் உள்ள காரணியால் பெருக்க வேண்டும். 35 வயதுக்கு 197.06. மாதம் 12,000 ரூபாய் வாங்கியவர் என்றால் 11,82,360 ரூபாய். நிரந்தர முழு ஊனம் என்றால் பாதிக்குப் பதில் 60 விழுக்காடு, ஆக 14,18,832 ரூபாய். ஆம், உயிரோடு இருந்து உழைக்க முடியாமல் போனவருக்கு, இறந்தவரின் குடும்பத்துக்குக் கிடைப்பதைவிடக் கூடுதலாகத் தரச் சொல்கிறது சட்டம். அவர் இனியும் சாப்பிட வேண்டும், மருந்து வாங்க வேண்டும் அல்லவா? இதைத் தவிர உண்மையில் ஆன மருத்துவச் செலவு தனி. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி, நியாயமான காரணமில்லாமல் இழுத்தடித்தால் 50 விழுக்காடு வரை அபராதம்.

ஊனத்தை அளக்கவும் சட்டத்தில் அட்டவணை உண்டு. ஒரு கண் முழுதாகப் போனால் 40 விழுக்காடு. கட்டை விரல் போனால் 30. ஒரு கையில் மூன்று விரல் போனால் 30, நான்கு விரலும் போனால் 50. பலருக்குத் தெரியாத வரி ஒன்றும் அதில் இருக்கிறது. முகம் மிகக் கடுமையாக உருக்குலைந்து போனால் 100 விழுக்காடு. தீயில் முகம் வெந்த ஒருவர், கை கால் நன்றாக இருக்கிறதே என்ற காரணத்தால் இரண்டாயிரம் மூவாயிரத்தோடு திருப்பி அனுப்பப்படுவது சட்டவிரோதம்.

அட்டவணை கடைசி வார்த்தையும் இல்லை. உச்ச நீதிமன்றம் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் 1975 டிசம்பரில் கொடுத்த தீர்ப்பு இன்றும் இந்தத் துறையின் முதுகெலும்பு. ஒரு தச்சரின் இடது கை முழங்கைக்கு மேலே போய்விட்டது. அட்டவணைப்படி பார்த்தால் முழு ஊனம் வராது. ஆனால் ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியுமா? முடியாது. ஆகவே அவருக்கு 100 விழுக்காடு என்றது நீதிமன்றம். விபத்து நடந்த நாளிலேயே இழப்பீடு கொடுக்கப்பட வேண்டியதாகிறது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இதை இங்கே பொருத்திப் பாருங்கள். திரி வைக்கிற ஓர் அக்காவுக்கு வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. அட்டவணையை மட்டும் பார்த்தால் 30 விழுக்காடு, அதே சம்பளத்துக்கும் வயதுக்கும் ஏறத்தாழ 4,25,650 ரூபாய். அவருடைய பிழைப்பே விரல் நுனியில் இருந்தது, இனி அந்த வேலை அவருக்கு இல்லை என்று மருத்துவச் சான்றோடு வாதாடினால் 14 லட்சத்துக்கு மேல். இடையில் உள்ள பத்து லட்சம் ஒரு வாதத்தில் அடங்கியிருக்கிறது. அந்த வாதத்தை யாரும் செய்யாததால் எத்தனை குடும்பங்கள் அதை இழந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

முத்திரைத் தாளுக்கு வருகிறேன். உயிரிழப்பில், இழப்பீட்டை முதலாளி நேராகக் குடும்பத்தின் கையில் கொடுத்தால் அது கொடுத்ததாகவே ஆகாது. தொழிலாளர் இழப்பீட்டுக்கான அதிகாரியிடம் கட்ட வேண்டும், அவர்தான் மனைவிக்கு எவ்வளவு, பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பார். உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. ஆகவே ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள், "தாளில் எழுதிக் கொடுத்துவிட்டோமே, இனி என்ன செய்ய" என்று வீட்டில் முடங்க வேண்டாம். அந்தத் தாளின் நகலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அது முதலாளி யார் என்பதற்கே சாட்சியாகிவிடும்.

குத்தகைக்காரர் கையில் காசில்லை, லைசென்ஸ்காரரோ "எனக்குச் சம்பந்தமில்லை" என்கிறார், யாரைக் கேட்பது என்பது அடுத்த சிக்கல். தன் தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தக்காரர் மூலம் நடத்துகிற முதன்மை முதலாளியைத் தன் சொந்தத் தொழிலாளிக்குப் பொறுப்பாவது போலவே பொறுப்பாக்குகிறது சட்டம். கொடுத்ததை அவர் குத்தகைக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும், அது அவர்களுக்குள் உள்ள பாடு. மனுவில் லைசென்ஸ்காரர், குத்தகைக்காரர், காப்பீட்டு நிறுவனம் மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்துவிட வேண்டும். போர்மேனைக் கைது செய்து குற்ற வழக்கு நடக்கிறதே, அது முடியட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. இரண்டும் வேறு வேறு தடம்.

இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்குப் பாதை மாறும். அட்டை இருந்தால் இழப்பீட்டை முதலாளியிடம் கேட்க முடியாது, இ.எஸ்.ஐ.யிடம்தான் கேட்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் ஊனப் பயன் உண்டு. ஊதியத்தில் 90 விழுக்காடு என்ற அடிப்படையில், நிரந்தர ஊனத்துக்கு ஊனத்தின் அளவைப் பொறுத்து ஆயுள் முழுவதும் மாதாமாதம் வரும். உங்கள் கூலியில் பிடித்ததை முதலாளி கட்டாமல் விட்டிருந்தாலும் உங்கள் உரிமை போகாது. இ.எஸ்.ஐ. கழகம் உங்களுக்குக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்க வழி இருக்கிறது.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். பீஸ் ரேட்டில் வேலை, பதிவேட்டில் பெயர் இல்லை, ஏஜென்ட் வேனில் ஏற்றிக்கொண்டு போகிறார், சனிக்கிழமை கையில் பணம். நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்று எதைக் காட்டுவீர்கள்? கூலிச் சிட்டை இருந்தால் படம் எடுத்து மகன் மகளுடைய கைபேசிக்கு அனுப்பி வையுங்கள். முன்பணம் வாங்கிய குறிப்பு, கைபேசிவழி வந்த கூலி, வேன் எண், உடன் வேலை செய்தவர்களின் பெயர், எல்லாம் சாட்சியே. விபத்து நடந்த பிறகு பதிவேடு எரிந்துவிட்டது என்பார்கள். எரிந்திருக்கவும் கூடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான காகிதம் மருத்துவமனையில் முதல் பத்து நிமிடத்தில் எழுதப்படுகிற விபத்துப் பதிவு, நாம் ஏ.ஆர். காப்பி என்கிறோமே அது. காயம் எப்படி ஏற்பட்டது என்று மருத்துவர் கேட்பார். வீட்டிலோ காட்டிலோ உரிமமில்லாமல் நடந்த வேலையாக இருந்தால், "கேஸ் அடுப்பு வெடித்துவிட்டது என்று சொல், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கொண்டுவந்து சேர்த்தவர் காதில் ஓதுவார். அந்த வலியில், அந்தப் பயத்தில், அப்படியே சொல்லிவிடுகிறார்கள். அதோடு வழக்கு செத்தது. பிறகு நான் எந்த நீதிமன்றத்தில் எதைச் சொன்னாலும் எதிர்த்தரப்பு அந்த ஒரு வரியை எடுத்து நீட்டும். உரிமம் இல்லாதது நடத்தியவரின் குற்றம், கூலிக்குப் போனவரின் குற்றமில்லை. உண்மையைச் சொல்லுங்கள். உடன் போகிறவர்களும் இதை நினைவில் வையுங்கள். தீக்காயத்தில் கிடப்பவர் பேச முடியாமல் இருக்கலாம், உங்கள் வாயிலிருந்து வருவதுதான் பதிவாகும்.

ஆலையை விட்டு வீட்டு வாசலுக்கு வருகிறேன். மாணவர்கள் கவனியுங்கள், ஏனென்றால் பண்டிகை நாளில் கண் மருத்துவமனைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் உங்கள் வயதும் உங்களுக்கு இளையவர்களும்தான். அவர்களில் பலர் வெடி பற்றவைத்தவர்கள் அல்லர், பக்கத்தில் நின்றவர்கள்.

கம்பி மத்தாப்பைப் பாப்பா கையில் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் நிம்மதியாக இருக்கிறோம். எரியும் அந்த நுனியின் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எரிந்து முடிந்த கம்பியை வாசலில் போட்டுவிட்டால், வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தை அதன் மேல் கால் வைக்கிறது. ஒரு வாளித் தண்ணீரோ மணலோ பக்கத்தில் இருந்தால் தீர்ந்தது. புஸ்வாணம் பற்றவில்லை என்று குனிந்து பார்ப்பதுதான் கண் போகிற வழி. பற்றாத வெடியை விட்டுவிட்டு, நெடுநேரம் கழித்துத் தூரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள். கொட்டாங்கச்சியையும் தகர டப்பாவையும் வெடி மேல் கவிழ்க்காதீர்கள். வெடிக்கும்போது அந்தத் தகரம் கத்தியாகிவிடுகிறது.

தீ பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி வேண்டாம், பற்பசை வேண்டாம், மை வேண்டாம், இட்லி மாவு வேண்டாம். வீங்கும் முன் மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டுச் சுத்தமான துணியால் மூடிக்கொண்டு போங்கள். கண்ணில் தெறித்து அடித்திருந்தால் தேய்க்கவே கூடாது, அழுத்திக் கட்டவும் கூடாது. ஒரு காகிதக் கோப்பையைக் கண்ணைத் தொடாமல் மேலே கவிழ்த்து ஒட்டிக்கொண்டு நேராகக் கண் மருத்துவமனைக்குப் போங்கள். விரல் துண்டாகியிருந்தால் ஈரத் துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி மேல் வைத்து எடுத்துப் போங்கள். பனிக்கட்டிக்குள் நேராகப் போடாதீர்கள்.

வெடியே தரம் கெட்டிருந்து அதனால் காயம் என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. குறையுள்ள பொருளால் நேர்ந்த தீங்குக்கு உற்பத்தியாளரும், சில சூழல்களில் விற்றவரும் பொறுப்பு. திரி கொளுத்திய மறுநொடியே வெடித்தால் அது திரியின் குறை. எச்சரிக்கை அச்சிடாத பெட்டி என்றால் அதுவும் குறை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. இதில் தடுக்குவது ரசீது. பட்டாசுச் சீட்டுப் போட்டு, ஆண்டு முழுக்கக் கட்டி, பெட்டி வாங்குகிறோம். ரசீது கேட்டதுண்டா? தயாரிப்பாளர் பெயரில்லாத வெடி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால், காயம் பட்டபிறகு யார் மேல் வழக்குப் போடுவது? மேலட்டையையும் பெட்டியையும் வைத்திருங்கள். வெடிக்காத மிச்சத்தை வீட்டில் வைக்காமல் காவல் நிலையத்தில் சொல்லி மகஜரில் சேர்க்கச் செய்யுங்கள். பொருளைத் தவறாகப் பயன்படுத்தியவருக்கு இந்தச் சட்டம் உதவாது. வெடியைப் பிரித்து மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்திய பையனின் வழக்கு நிற்காது.

பக்கத்து வீட்டார் அலட்சியமாக வெடித்ததில் உங்கள் பிள்ளைக்குக் காயம் என்றால், வெடிபொருளை அலட்சியமாகக் கையாள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 288-ஆம் பிரிவில் குற்றம். புகார் கொடுக்கத் தயங்குகிறோம், நாளைக்கும் முகம் பார்க்க வேண்டிய அண்டை வீடு என்பதால். சமாதானமாகப் போகலாம், தப்பில்லை. ஆனால் மருத்துவச் செலவை அவர்கள் ஏற்பதாக எழுத்தில் வாங்கிக்கொண்டு சமாதானமாகுங்கள்.

சித்திரைப் பொங்கல் வருகிறது, ஊர் ஊராக வாணவேடிக்கை நடக்கும். 2016 ஏப்ரல் 10 அன்று கொல்லம் மாவட்டம் பரவூரில் புற்றிங்கல் தேவி கோவிலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயப்பட்டார்கள். போட்டி வேடிக்கைக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தது. விழாக் கமிட்டியில் இருப்பவர்கள் இங்கே இருந்தால் சொல்கிறேன்: அனுமதியில்லாமல் நடத்தினால் கமிட்டியில் கையெழுத்திட்ட ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டிவரும். வேடிக்கைக்கு வெடி ஏற்றிவந்த வண்டியிலேயே விபத்து நடந்தால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தையும் நாடலாம். கவிழ்ந்த பெட்ரோல் லாரி சில மணி நேரம் கழித்து வெடித்த வழக்கிலேயே, அது வாகனத்தைப் பயன்படுத்தியதால் நேர்ந்த விபத்துதான் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வழக்குக்குச் செலவாகுமே என்ற கேள்வி உங்கள் முகத்தில் தெரிகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், தொழில் பேரிடரில் சிக்கியவர்கள் இத்தனை பேருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இந்த அவையில் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருப்பவர்கள் மிகக் குறைவு. நம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

இன்னொன்றை இன்றிரவே செய்யலாம். வங்கிக் கணக்குப் புத்தகத்தை எடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை 20 ரூபாய் பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நீங்கள் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் இருக்கிறீர்கள். விபத்தில் இறந்தால் 2 லட்சம், ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ போனால் 1 லட்சம். தான் அதில் சேர்ந்திருப்பதே தெரியாமல் குடும்பங்கள் கேட்காமல் விட்டுவிடுகின்றன. பிடித்தம் இல்லையென்றால் நாளைக்கு வங்கிக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

மேசை மேல் தொழிலாளர் இழப்பீட்டு மனுவின் மாதிரிப் படிவங்களை வைத்திருக்கிறோம், போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விபத்தில் காயப்பட்டவர்கள் இருந்தால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து காகிதங்களைக் காட்டுங்கள். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் அதை ஏற்றுக்கொள்ளவும் இழப்பீட்டு அதிகாரியால் முடியும். இப்போது கேள்விகளை எடுத்துக்கொள்வோம். முதலில் பெண்கள் பக்கத்திலிருந்து வரட்டும்.